பட்டப்பின் பயிற்சியில் இடம் கிடைக்காத வைத்தியர்: மலையகத்தில் அடுத்த வழிகள்

மருத்துவப் பட்டம் பெற்றவர் வைத்தியர் ஆகிறார். விசேட வைத்திய நிபுணர் ஆவதற்கு அதன்மேல் பல ஆண்டுப் பட்டப்பின் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கான இடங்கள் அவற்றை நாடி வருவோரின் தொகையைவிடக் குறைவு. இலங்கையில் இந்த இடங்களை வழங்குவது, 1980ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைத்து நிறுவப்பட்ட பட்டப்பின் மருத்துவ நிறுவகம். அதன் தெரிவுப் பரீட்சைக்குத் தோற்றி இடம் கிடைக்காமல் திரும்பும் வைத்தியர் அடுத்து என்ன செய்யலாம் என்பதே இவ்வுரையின் பொருள். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய இடங்களில் பணியாற்றும் வைத்தியர்களும், தேயிலைத் தோட்டத்து லயன்களில் பிறந்து மருத்துவ பீடம் வரை சென்ற பிள்ளைகளும் இங்கே முதன்மையாகக் கருதப்படுகின்றனர்.

மூன்று வாயில்கள்

இலங்கையில் மருத்துவ மாணவர் ஒருவர் நிபுணராகும் வரை மூன்று வாயில்களைக் கடக்கிறார். எந்த வாயிலில் தடை ஏற்பட்டது என்பதைப் பொறுத்தே அடுத்த வழி அமையும்.

முதலாவது உள்ளகப் பயிற்சி. ஐந்தாண்டுப் படிப்பு முடிந்து இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்தவர், இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவோடு ஓராண்டு வைத்தியசாலையில் பயிற்சி பெறுகிறார். அதில் ஆறு மாதம் பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவம். மற்ற ஆறு மாதம் சத்திரசிகிச்சை அல்லது மகப்பேறு. அரச மருத்துவ பீடங்களின் பட்டதாரிகளுக்கு இந்த இடம் மறுக்கப்படுவதில்லை. ஆனால் பட்டியல் வெளியாகும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள் உள்ளகப் பயிற்சிக்கு முன் மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். 1965ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் இலக்கத்தைக் கொண்டு வைத்தியர்கள் இதை நெடுங்காலம் ‘அக்ட் 16’ என்றே அழைத்து வந்தனர்.

இரண்டாவது வாயில் நியமனம். உள்ளகப் பயிற்சி முடித்து முழுப் பதிவு பெற்றவர், சுகாதார அமைச்சின் பட்டியல்படி ஒரு வைத்தியசாலையில் வைத்திய அதிகாரியாக நியமிக்கப்படுகிறார். மூன்றாவது வாயில்தான் பட்டப்பின் தெரிவு. அதைக் கடந்தவர் பதிவாளராகவும், எம்.டி. பரீட்சைக்குப் பின் சிரேஷ்ட பதிவாளராகவும் பயிற்சி பெறுகிறார். பல துறைகளில் வெளிநாட்டுப் பயிற்சியும் பெற்று, இறுதியில் நிபுணராகச் சான்றளிக்கப்படுகிறார்.

இந்த வரிசையில் ஓர் அடிப்படை உண்மை இருக்கிறது; அமெரிக்காவோடு ஒப்பிட்டால் அது தெளிவாகும். அமெரிக்காவில் பட்டப்பின் பயிற்சியில் இடம் கிடைக்காத பட்டதாரி பொதுவாகச் சுதந்திரமாக மருத்துவம் பார்க்கவே முடியாது. அங்கே 1952 முதல் இயங்கும் தேசிய இணைப்பு முறையில் ஒவ்வோராண்டும் மார்ச் மாதம் இடங்கள் பங்கிடப்படுகின்றன. எஞ்சிய இடங்களை இடம் கிடைக்காதோருக்கு வழங்க 2012இல் துணைச் சுற்று ஒன்று தொடங்கப்பட்டது. அதிலும் இடம் கிடைக்காதவர்கள் மூத்த வைத்தியரின் மேற்பார்வையில் பணியாற்றும் வகையில் மிசூரி மாநிலம் 2014இல் தனிச் சட்டம் இயற்றியது. இலங்கை வைத்தியரின் நிலை வேறு. மூன்றாவது வாயிலுக்கு வருமுன்பே அவர் முழுப் பதிவு பெற்றுவிடுகிறார். நோயாளரைப் பார்க்கும் உரிமையும் அரச சம்பளமும் அவரிடம் இருக்கின்றன. தெரிவில் இடம் கிடைக்காததால் அவர் இழப்பது நிபுணத்துவத்துக்கான ஒரு சந்தர்ப்பத்தை மட்டுமே. இனி வரும் தெரிவுகள் எல்லாம் இந்த உறுதியான நிலத்தில் நின்று செய்யப்படுபவை.

இடம் கிடைக்காமைக்கான காரணங்கள்

ஒவ்வொரு துறையிலும் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பது, நாட்டுக்கு எத்தனை நிபுணர் தேவை, பயிற்றுவிக்கும் பிரிவுகளால் எத்தனை பேரைத் தாங்க முடியும் என்ற இரண்டு கணக்குகளால் முடிவாகிறது. பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு ஆகியவற்றை நாடுவோர் அதிகம். ஆகவே நல்ல புள்ளி பெற்றவரும் பட்டியலுக்கு வெளியே நிற்கலாம். பரீட்சையில் சித்தியடையாமல் போவதும், சித்தியடைந்தும் தரவரிசையில் பின்தங்குவதும் ஒன்றல்ல. முன்னவருக்கு அறிவில் இடைவெளி இருக்கிறது; அதை நிரப்பலாம். பின்னவர் துறையையோ ஆண்டையோ மாற்றிப் பார்க்கலாம்.

மலையகத்தில் பணியாற்றுவோருக்கு வேறு தடைகளும் உண்டு. ஒரு பிரதேச வைத்தியசாலையில் இரண்டு மூன்று வைத்தியரே இருக்கும்போது, ஒருவர் விடுமுறை எடுத்தால் மற்றவர் இரவும் பகலும் நிற்க வேண்டும். பரீட்சைக்கான வகுப்புகளும் கூட்டுப் படிப்பும் கொழும்பிலும் கண்டியிலும்தான் நடக்கின்றன. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் பெரும்பகுதி நாள் வழியிலேயே கழியும். நிபுணர் இல்லாத வைத்தியசாலையில் பணியாற்றுபவர் சிக்கலான நோயாளரை நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பிவிடுவதால், அந்நோயாளருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதைக் கண்டு கற்கும் வாய்ப்பும் குறைகிறது.

தோட்டத்துக் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு இந்தச் சுமை இன்னும் பெரிது. மருத்துவ பீட அனுமதியில் இடங்கள் மூன்று வகையில் பங்கிடப்படுகின்றன: 40 சதவீதம் நாடளாவிய தகுதி அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. அந்த வழியில் முன்னேறி வந்த பிள்ளைக்குப் பட்டப்பின் தெரிவில் மாவட்ட ஒதுக்கீடு இல்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்றவரிடம் தம்பி தங்கையரின் படிப்பு, வீட்டுக் கடன், பெற்றோரின் மருந்துச் செலவு என்று பல பொறுப்புகள் வந்து சேர்கின்றன. பரீட்சைக்கு ஒதுக்க வேண்டிய மாலை நேரங்கள் தனியார் சிகிச்சை நிலையத்தில் கழிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பெறுபேறு வந்தபின் முதல் சில வாரங்கள்

பெறுபேறு வெளியான உடனேயே பெரிய முடிவு எதையும் எடுக்கக் கூடாது. பதவி விலகுதல், கடன் வாங்கி வெளிநாடு செல்லுதல், துறையை ஒரேயடியாக மாற்றுதல் போன்றவை சில வாரம் பொறுத்துச் செய்ய வேண்டியவை.

அந்த நாட்களில் செய்யத்தக்க வேலை, நோயறிவது போலத் தோல்வியை ஆராய்வது. எந்த வினாத்தாளில் புள்ளி குறைந்தது, அடிப்படை விஞ்ஞானத்திலா, நோயாளர் சார்ந்த வினாக்களிலா, நேரம் போதாமல் விடுபட்டவை எத்தனை என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். அவ்வாண்டு இடம் பெற்ற ஒருவரிடமும், இரண்டாம் முறையில் இடம் பெற்ற ஒருவரிடமும் பேசுவது பயன்தரும். எத்தனை முறை தோற்றலாம், நியமனத்துக்குப் பின் எவ்வளவு சேவைக்காலம் வேண்டும் என்பவை துறைக்குத் துறை வேறுபடும். காலத்துக்குக் காலம் மாறவும் செய்யும். அவற்றை நண்பர் சொல்லக் கேட்பதைவிட அந்தந்த ஆண்டின் அறிவித்தலில் பார்ப்பதே சரி.

மனநிலையும் இந்த ஆய்வின் ஒரு பகுதி. பாடசாலை நாள் முதல் எல்லாப் பரீட்சையிலும் முன்நின்றவருக்கு இது பெரும்பாலும் முதல் தோல்வி. தோட்டம் முழுவதும் ‘நம்ம டொக்டர்’ என்று பெருமை கொண்டாடும் இடத்தில் அதை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும். தூக்கம் கெடுதல், பணியில் எரிச்சல், தனிமையை நாடுதல், வாழ்வில் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், வைத்தியர் தம்மை ஒரு நோயாளராக ஏற்று உதவி தேட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசிச் சேவை எல்லோருக்கும் போலவே வைத்தியர்களுக்கும் உரியது.

அதே பரீட்சைக்கு மறுபடி தோற்றுதல்

வயதும் குடும்பச் சூழலும் இடம் கொடுத்து, சிறு வித்தியாசத்தில் இடம் தவறியிருந்தால், மறுபடி தோற்றுவது நியாயமான தெரிவு. இதில் வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பது பணியிடம். சத்திரசிகிச்சையை விரும்புபவர் வெளிநோயாளர் பிரிவில் ஓராண்டைக் கழித்துவிட்டு மீண்டும் தோற்றினால் பெரிய மாற்றம் வராது. நிபுணர் ஒருவரின் கீழ், விரும்பிய துறையின் விடுதியில் பணி தேட வேண்டும். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் மலையகத்தில் இதற்கு வாய்ப்புள்ள இடங்கள். கிளங்கன் வைத்தியசாலையின் 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடம் இந்திய உதவியில் அமைந்தது. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அதைத் திறந்து வைத்தார். இத்தகைய இடத்தில் தினசரி விடுதிச் சுற்றே படிப்பாகிவிடுகிறது. நிபுணரின் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கிறது.

தொலைவைக் கடக்க இணையவழிக் கூட்டுப் படிப்பு உதவுகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து, வாரத்துக்கு இரண்டு இரவு, ஒருவர் ஒரு பாடத்தை எடுத்து மற்றவர்களிடம் வினாக் கேட்கும் முறையில் படித்தால், தனியாகப் படிக்கையில் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் வெளிப்படும். பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதங்களுக்கு விடுமுறையையும் கடமைப் பட்டியலையும் சக வைத்தியர்களோடு முன்கூட்டியே பேசி ஒழுங்குபடுத்த வேண்டும். அதற்கு ஈடாக அவர்களின் பரீட்சைக் காலத்தில் கடமையை ஏற்பதாக வாக்களிப்பது நல்ல வைத்தியசாலைகளில் வழக்கமாக உள்ள முறை.

எத்தனை முறை முயல்வது என்பதற்கு முதலிலேயே ஓர் எல்லை வகுக்க வேண்டும். இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தால், வேறு துறையில் முன்னேறியிருக்கக்கூடிய காலமும் அதோடு போய்விடும்.

துறையை மாற்றுதல்

நிறுவகத்தின் பாடநெறிகள் நான்கைந்து பெருந்துறைகளோடு நிற்பவை அல்ல. நோயியல், நுண்ணுயிரியல், குருதி மாற்று மருத்துவம், சட்ட மருத்துவம், கதிரியக்கவியல், உணர்வழியியல் ஆகியவை வைத்தியசாலையின் அச்சாணிகள். நிறுவகத்தில் எம்.டி.யோடு டிப்ளோமாப் பாடநெறிகளும் உண்டு. உளமருத்துவம், குழந்தை நலம், குருதி மாற்று மருத்துவம், சட்ட மருத்துவம், முதியோர் மருத்துவம், தீவிர சிகிச்சை, வலிதணிப்பு மருத்துவம் ஆகிய டிப்ளோமாக்கள் அவற்றுள் அடங்கும். டிப்ளோமா பெற்றவர் நிபுணர் ஆகமாட்டார். ஆனால் நிபுணர் இல்லாத மாவட்டத்தில் அத்துறையின் பொறுப்பை ஏற்கும் வைத்திய அதிகாரியாகிறார்.

மலையகத்துக்கு இவற்றுள் உளமருத்துவ டிப்ளோமா தனிச் சிறப்புடையது. பூச்சிகொல்லி அருந்துதல், மதுப்பழக்கம், குடும்ப வன்முறை ஆகியவற்றால் வரும் துயரம் தோட்டங்களில் ஆழமானது. மனநோயைப் பேசித்தான் அறிய வேண்டும். இடையில் மொழிபெயர்ப்பவர் நின்றால் பேச்சின் பாதி உயிர் போய்விடும். லயனில் வாழும் பெண் தன் சொந்தத் தமிழில் சொல்வதை அப்படியே புரிந்துகொள்ளும் வைத்தியர் இங்கே மருந்துக்கு நிகரானவர்.

துறை மாற்றத்தைத் தோல்விக்கான ஆறுதல் பரிசாக எண்ணிச் செய்தால் அந்தத் துறையிலும் மனம் நிலைக்காது. மாறுவதற்கு முன் அந்தப் பிரிவில் சில மாதமாவது பணியாற்றிப் பார்ப்பது அவசியம்.

குடும்ப மருத்துவம்

பொது மருத்துவத்தில் இடம் கிடைக்காதவர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் துறை குடும்ப மருத்துவம். ஒரு குடும்பத்தை, குழந்தை முதல் பாட்டி வரை, ஆண்டாண்டாகப் பார்த்து வரும் மருத்துவம் இது. நிறுவகம் இதற்கு டிப்ளோமாவும் எம்.டி.யும் நடத்துகிறது. 1974இல் தோன்றிய இலங்கைப் பொது மருத்துவர் கல்லூரியின் உறுப்புரிமைப் பரீட்சையும், ஐக்கிய இராச்சியத்தின் பொது மருத்துவர் கல்லூரி தெற்காசியாவில் நடத்தும் சர்வதேச உறுப்புரிமைப் பரீட்சையும் உண்டு. இவற்றுக்குப் பணியை விட்டு விலகாமலே தயாராகலாம் என்பது மலையக வைத்தியருக்குப் பெரிய வசதி.

இத்துறைக்குத் தேயிலை மலைகளைவிடத் தேவை மிகுந்த இடம் அரிது. தோட்டத் தொழிலாளர் பலருக்கு நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் இருப்பது, அவை சிறுநீரகத்தையோ கண்ணையோ தாக்கிய பின்பே தெரியவருகிறது. கிளினிக் நாளில் வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். அதாவது ஒரு நாள் சம்பளம் இழக்கப்படும். அரைப்பேராவது கிடைக்கட்டும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணை, ‘ஏன் கிளினிக்குக்கு வரவில்லை’ என்று அதட்டும் வைத்தியரால் குணப்படுத்த முடியாது. மாலையில் அல்லது ஞாயிற்றுக்கிழமையில் கிளினிக் வைப்பதும், இரண்டு மாதத்துக்கான மருந்தை ஒன்றாகக் கொடுப்பதும், தோட்டத்து மருத்துவ உதவியாளரோடு தொடர்பு வைத்திருப்பதும் அவளுக்கு உதவும். குடும்ப மருத்துவம் கற்றவர் இந்த ஏற்பாடுகளை மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கற்கிறார்.

மொழிக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போவதைக் கண்ட அவர், பின்னர் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். தம் மாணவர் கிராமங்களில் தங்கி மருத்துவம் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஊரில் தங்கும் வைத்தியரை உருவாக்குவது பற்றிய இந்தச் சிந்தனை மலையகத்துக்கு இன்றும் பொருந்தும்.

பொதுச் சுகாதாரம்

தோட்டங்களில் மருத்துவத்துக்குத் தனி வரலாறு உண்டு. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. வைத்தியரை அமர்த்த வேண்டிய பொறுப்பும் செலவும் தோட்ட முதலாளிக்கும் அரசுக்கும் இடையே பல ஆண்டுகள் தள்ளாடின. பெரும்பாலான தோட்டங்களில் நாளாந்தச் சிகிச்சையை டிஸ்பென்சரும், பின்னர் தோட்ட மருத்துவ உதவியாளரும் பார்த்து வந்தனர். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சில கட்டம் கட்டமாக அரச சுகாதார சேவையின் கீழ் வந்தன. இவ்வாறு இரண்டு நிர்வாகங்களுக்கு இடையில் வாழும் மக்களுக்கு, அவர்களின் பக்கம் நின்று கணக்கெடுக்கும் வைத்தியர் தேவை.

அந்த வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரி. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின்படி, ஒரு பிரதேசத்தின் தாய்சேய் நலம், தடுப்பூசி, தொற்றுநோய்க் கட்டுப்பாடு, உணவுச் சுகாதாரம் அனைத்தும் அவர் பொறுப்பில் வருகின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்ப சுகாதார உத்தியோகத்தரும் அவரோடு பணியாற்றுகின்றனர். இப்பணியிலிருந்து சமுதாய மருத்துவ முதுமாணிக்கும், அதன் பின் எம்.டி.க்கும் செல்லும் பாதை இருக்கிறது.

வேலையின் அளவு ஓர் ஒப்பீட்டில் தெரியும். 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17.3 சதவீதம்; தோட்டத்துறையில் 31.7 சதவீதம். தோட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தையின் வளர்ச்சி குன்றியிருந்தது. இதை விடுதியில் நின்று எந்த நிபுணரும் குணப்படுத்த முடியாது. தாயின் கர்ப்ப கால உணவு, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் கொடுக்கும் ஆகாரம், லயனின் குடிநீரும் கழிப்பிடமும், கொழுந்து மலையிலிருந்து தாய் பால்கொடுக்க இறங்கி வரும் நேரம் என்பவற்றை ஒன்றாகப் பார்ப்பவரே இதை மாற்ற முடியும். பட்டப்பின் தெரிவில் பெருந்துறை ஒன்றில் இடம் கிடைக்காத வைத்தியருக்கு, வாழ்நாள் முழுவதற்கும் போதுமான பணி இங்கே காத்திருக்கிறது.

கற்பித்தல், நிர்வாகம், தகவலியல்

மருத்துவ பீடங்களில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர்இரசாயனம், மருந்தியல் ஆகிய பிரிவுகளில் விரிவுரையாளர் ஆவதும் ஒரு வழி. 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடம் மலையகத்துக்கு மிக அருகில் உள்ளது. ஆராய்ச்சியில் ஈடுபாடும், கலாநிதிப் பட்டத்துக்கு உழைக்கும் பொறுமையும் உள்ளவருக்கு இது பொருந்தும். உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருக்கும் மாதங்களில் தற்காலிகமாகக் கற்பிக்கப் போவது, இந்த வேலை தமக்கு ஏற்றதா என்று அறிய நல்ல வாய்ப்பு.

மருத்துவ நிர்வாகத்திலும் உயிர்மருத்துவத் தகவலியலிலும் நிறுவகம் முதுமாணிப் பாடநெறிகள் நடத்துகிறது. முன்னது வைத்தியசாலைப் பணிப்பாளர், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் போன்ற பதவிகளுக்கு வழி. பின்னது நோயாளர் பதிவேடுகளையும் நோய்க்கணிப்பையும் கணினிமயமாக்கும் வேலை. தனியார் சிகிச்சை நிலையம் வைப்பதையும் பலர் நாடுகின்றனர். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அதோடு, படிப்பை முற்றாக நிறுத்திவிட்டுத் தனியார் மருத்துவத்துக்குள் போனவர் சில ஆண்டுகளில் பழைய மருந்துச் சீட்டுகளையே திருப்பி எழுதும் நிலைக்கு வந்துவிடுவார். குடும்ப மருத்துவ டிப்ளோமா ஒன்றையாவது கூடவே செய்வது இதைத் தடுக்கும்.

வெளிநாடு

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பெருமளவில் வெளியேறினர். வெளிநாட்டுப் பயிற்சியை நாடுவோர் முதலில் அறிய வேண்டியது, அங்கும் தெரிவு இருக்கிறது என்பதே. ஐக்கிய இராச்சியத்தில் பதிவு பெற ‘பிளாப்’ பரீட்சை இரண்டு பகுதிகளாக நடக்கிறது. இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டருக்குச் செல்ல வேண்டும். பொது மருத்துவத்தில் பிரித்தானிய உறுப்புரிமைத் தகுதியான எம்.ஆர்.சி.பி. முடித்தவர் வேறு வழியாகவும் பதிவு பெறலாம். ஆனால் பதிவு கிடைத்தவருக்கெல்லாம் பயிற்சி இடம் கிடைப்பதில்லை. அண்மைய ஆண்டுகளில் அந்த இடங்களுக்கான போட்டி கடுமையாகக் கூடியுள்ளது. அவுஸ்திரேலியாவில் மருத்துவ சபையின் வினாத்தாளும் நோயாளர் பரீட்சையும் உண்டு. அமெரிக்க இணைப்பு முறையில் வெளிநாட்டுப் பட்டதாரிகளில் ஏறக்குறைய பத்தில் நால்வர் அண்மைய ஆண்டுகளில் இடமின்றித் திரும்பியுள்ளனர்.

மலையகக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தச் செலவு முழுவதும் கடனாகவே இருக்கும். எனவே மூன்று விடயங்களை முன்பே தீர்மானிப்பது நல்லது. முதலாவது, பரீட்சைக் கட்டணம், பயணம், அங்கே வேலை கிடைக்கும் வரை வாழும் செலவு மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுதல். இரண்டாவது, பதவி விலகாமல் சம்பளமற்ற விடுமுறை பெற முடியுமா என்று பார்த்தல். மூன்றாவது, அங்கு பெறும் தகுதி இலங்கையில் நிபுணர் சான்றாக ஏற்கப்படுமா என்று அறிதல். எம்.ஆர்.சி.பி. மட்டும் பெற்றுத் திரும்பியவர் இங்கே நிபுணராக நியமிக்கப்படுவதில்லை. நிறுவகத்தின் சான்று வேண்டும்.

வைத்தியருக்குத் துணை செய்ய வேண்டிய நிறுவனங்கள்

இடம் கிடைக்காத வைத்தியரின் அடுத்த வழி அவருடைய உழைப்பை மட்டும் பொறுத்ததாக இருக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டில் அரச சேவையில் உள்ள வைத்தியர்களுக்குப் பட்டப்பின் இடங்களில் 50 சதவீதம் ஒதுக்கும் வழக்கம் இருந்து வந்தது. அத்தகைய ஒதுக்கீட்டை வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2020 ஆகஸ்ட் 31ஆம் திகதி தீர்ப்பளித்தது. தொலைதூர, கடினமான பகுதிகளில் ஆற்றிய ஒவ்வோராண்டுச் சேவைக்கும் நுழைவுத் தேர்வுப் புள்ளியில் பத்து சதவீதம், அதிகபட்சம் முப்பது சதவீதம் வரை, கூட்டிக் கொடுக்கும் விதியும் இந்திய மருத்துவக் கல்வி விதிகளில் இடம்பெற்றது. வால்பாறையிலோ நீலகிரியின் கூடலூரிலோ தேயிலை மக்களுக்குச் சேவை செய்வதை ஒரு தகுதியாக மதிக்கும் எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. இலங்கையின் தேயிலை மாவட்டங்களுக்கும் இதையொத்த ஏற்பாட்டைக் கோருவது நியாயமானது.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. பிராந்திய சுகாதாரப் பணிமனை, பரீட்சைக்குத் தோற்றும் வைத்தியருக்குப் பதிலாள் ஒழுங்கு செய்யலாம். ஆதார வைத்தியசாலைகளில் நல்ல இணைய இணைப்போடு ஒரு படிப்பறை அமைக்கலாம். மாதம் ஒருமுறை நிபுணர்கள் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கூடி, பிரதேச வைத்தியசாலைகளின் வைத்தியர்களோடு நோயாளர் விவரங்களை ஆராயலாம். நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பப்பட்ட நோயாளருக்கு என்ன நடந்தது என்ற தகவல் அனுப்பிய வைத்தியருக்குத் திரும்பி வர வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும்பணம் தேவைப்படாது. இவை நடந்தால், தெரிவில் இடம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் மலையகத்தில் இருந்துகொண்டே கற்க முடியும். அப்போது தோட்டத்து நோயாளர் தமக்கு வேண்டிய வைத்தியரைத் தேடி மலையை விட்டு இறங்க வேண்டிய தேவையும் குறையும்.